பட்காமில் ஒரு கம்பெனி: மேஜர் சோம்நாத் சர்மாவின் போர்ப்பணி

1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காம் கிராமத்தருகே மேஜர் சோம்நாத் சர்மா இறந்தபோது, சுதந்திர இந்தியாவிடம் போர்க்கள வீரத்தைப் போற்றச் சொந்தமாக ஒரு பதக்கம்கூடக் கிடையாது. விக்டோரியா சிலுவை பழைய ஆட்சியோடு போயிற்று. அதன் இடத்துக்கு எதுவும் வந்திருக்கவில்லை. 1950 ஜனவரி 26-ஆம் நாள்தான் பரம்வீர் சக்ரா நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15 முதலே அது செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். 1950 ஜூன் 21-ஆம் தேதி அரசிதழில் சர்மாவுக்கு அது வழங்கப்பட்ட செய்தி வெளியானது. இந்தியாவின் முதல் பரம்வீர் சக்ரா அவருடையது.

பள்ளிப் பாடங்களிலும் குடியரசு தினக் கட்டுரைகளிலும் அவரைப் பற்றி இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று, மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவர் போருக்குப் போனது. மற்றொன்று, இறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பிரிகேட் தலைமையகத்துக்கு அவர் அனுப்பிய செய்தி. இரண்டும் உண்மை. ஆனால் இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது அஞ்சாத ஓர் இளைஞரின் சித்திரம் மட்டுமே. அன்று அவர் ஒரு காலாட்படை அதிகாரியாக என்னென்ன செய்தார், ஏன் செய்தார், அதனால் என்ன விளைந்தது என்பது மறைந்துபோகிறது. விருதுக்குரிய பாராட்டுரையையும், அன்றைய பிரிகேட் தளபதி எல்.பி. சென் பின்னாளில் எழுதிய நூலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொரு சர்மா தெரிகிறார். துணிச்சலைவிடத் தொழில் தெரிந்த நிதானமே அவரிடம் மேலோங்கி நிற்கிறது என்பது என் கணிப்பு.

சோம்நாத் 1923 ஜனவரி 31 அன்று இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பகுதியைச் சேர்ந்த டோக்ரா பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அமர்நாத் சர்மா ராணுவ மருத்துவர். மேஜர் ஜெனரல் பதவிவரை உயர்ந்தவர். தம்பிகளும் படைக்கே போனார்கள். சுரீந்தர்நாத் பொறியாளர் படையில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். விஸ்வநாத் 1988 முதல் 1990 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். நைனிதாலின் ஷெர்வுட் கல்லூரியிலும், டேராடூனில் இருந்த வேல்ஸ் இளவரசர் ராணுவக் கல்லூரியிலும் சோம்நாத் படித்தார். 1942 பிப்ரவரி 22 அன்று 19-ஆம் ஹைதராபாத் படைப்பிரிவின் 8-ஆம் பட்டாலியனில் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் பட்டாலியன்தான் பின்னாளில் குமாவுன் படைப்பிரிவின் 4-ஆம் பட்டாலியன் ஆயிற்று.

ஹைதராபாத் படைப்பிரிவை அவர் தேர்ந்ததற்குக் குடும்பத்திலேயே காரணம் இருந்தது. தாய்மாமன் கேப்டன் கிருஷ்ணதத் வாசுதேவா அதே படைப்பிரிவின் 4-ஆம் பட்டாலியனில் இருந்தவர். 1942 ஜனவரியில் மலாயாவின் ஸ்லிம் ஆற்றங்கரையில் ஜப்பானிய டாங்கிகள் இரவோடு இரவாக இந்தியப் படை வரிசைகளைப் பிளந்துகொண்டு பாய்ந்தன. அந்தச் சண்டையில் அவர் உயிரிழந்தார். மருமகன் சீருடை அணிந்தபோது மாமன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சிங்கப்பூர் வீழ்ந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. பத்தொன்பது வயதில் அவர் சேர்ந்தது தோற்றுக்கொண்டிருந்த ஒரு படையில்.

அந்தத் தோல்வியிலிருந்து மீண்ட படையோடுதான் சர்மா பர்மாவின் அரக்கான் கரைக்குப் போனார். பட்காமில் நாம் காணும் அதிகாரி உருவானது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 25-ஆம் இந்திய டிவிஷனின் 51-ஆம் பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள் இருந்தன. மூன்றுக்கும் தலைவர்கள் இந்தியர்கள்: ஹைதராபாத் பட்டாலியனுக்குக் கே.எஸ். திம்மய்யா, பஞ்சாப் பட்டாலியனுக்கு எஸ்.பி.பி. தோரட், பலூச் பட்டாலியனுக்கு எல்.பி. சென். இந்தியரால் கம்பெனிக்கு மேல் எதையும் போர்க்களத்தில் நடத்த முடியாது என்ற எண்ணம் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலரிடம் இன்னும் ஊறிக் கிடந்த காலம் அது. 1945 ஜனவரி இறுதியில் காங்காவ் பகுதியில் சதுப்புநிலச் சிற்றோடைகளுக்கு நடுவே நடந்த சண்டையில் இந்த மூவரும் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கினார்கள். கடற்கரைச் சாலை வழியே பின்வாங்க முயன்ற ஜப்பானியரை மறித்து நின்ற கடும் சண்டை அது. மூவருக்கும் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது.

திம்மய்யாவின் கீழ் பணியாற்றிய இளம் அதிகாரியாகச் சர்மாவின் பெயரும் போர்க்களச் சிறப்புக் குறிப்பில் இடம்பெற்றது. அவருடைய அரக்கான் நாட்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைப் படைப்பிரிவினர் இன்றும் சொல்வதுண்டு. பகதூர் என்ற அவருடைய ஆர்டர்லி காயம்பட்டு நடக்க முடியாமல் போனார். சர்மா அவரைத் தோளில் சுமந்து நடந்தார். சுமையால் அவர் பின்தங்குவதைக் கண்ட திம்மய்யா, ஆளை விட்டுவிட்டு விரைந்து வரும்படி ஆணையிட்டார். இவர் என் ஆர்டர்லி, இவரை விட்டுவர மாட்டேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, சுமந்தவரைக் கடைசிவரை இறக்காமலே சர்மா வந்து சேர்ந்தார். வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளில் சொற்கள் மெருகேறிப்போவது இயல்பு. எனினும் தன் கீழுள்ள ஆளைக் கைவிடுவதில்லை என்ற குணம் இரண்டரை ஆண்டுகளுக்குப்பின் அவர் எடுத்த முடிவுகளோடு பொருந்துகிறது.

அதே பிரிகேடில் பக்கத்துப் பட்டாலியனை நடத்திய சென்தான் 1947 நவம்பரில் ஸ்ரீநகரில் 161-ஆம் பிரிகேடின் தளபதியாகச் சர்மாவுக்கு மேலே இருந்தார். ஒரே களத்தில் போர்த்தொழில் பயின்றவர்கள் இருவரும். கம்பியில்லாத் தொடர்பில் அவர்கள் பேசிக்கொண்டதைப் படிக்கும்போது இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1947 அக்டோபர் 22-ஆம் தேதி முசாபராபாத் வழியாகப் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் நுழைந்தன. சமஸ்தானப் படையின் பிரிகேடியர் ராஜிந்தர் சிங் ஒரு சிறு படையோடு ஊரிப் பாலத்தைத் தகர்த்துவிட்டு, பின்வாங்கிப் பின்வாங்கிப் போரிட்டு உயிர்விட்டார். மஹுராவின் மின்நிலையம் ஊடுருவியவர்கள் கைக்குப் போனதும் ஸ்ரீநகர் இருண்டது. 26-ஆம் தேதி மகாராஜா இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை 1-ஆம் சீக்கியப் பட்டாலியனின் முதல் வீரர்களை டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் இறக்கின. அவர்களை அழைத்து வந்த லெப்டினன்ட் கர்னல் தேவான் ரஞ்சித் ராய் பாரமுல்லா நோக்கி உடனே முன்னேறினார். அந்த முயற்சியிலேயே உயிரிழந்தார். பாரமுல்லாவில் கொள்ளையிலும் கொலையிலும் ஊடுருவியவர்கள் கழித்த நாட்கள் இந்தியப் படைக்குக் கிடைத்த அவகாசம் ஆயின. அந்த அவகாசத்துக்கு பாரமுல்லாவின் மக்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டு இந்தப் போரைப் பற்றிப் பேசுவது அறமாகாது.

அன்றைய நிலவரத்தில் எல்லாமே ஒரு விமான ஓடுதளத்தைச் சார்ந்து இருந்தது. பனிஹால் கணவாய் வழிச்சாலை நீண்டது, மோசமானது, குளிர்காலத்தில் பனியில் மூடிப்போவது. ஆளும் தோட்டாவும் உணவும் மருந்தும் வானத்திலிருந்து இறங்கினால்தான் உண்டு. ஸ்ரீநகருக்குத் தெற்கே ஒரு மேட்டுச் சமவெளியில் இருந்த அந்த ஓடுதளம் பறிபோனால் நகரத்தில் உள்ள படைகளுக்கு உதவி வர வழியில்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. அந்த மேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் பட்காம் இருக்கிறது. பாரமுல்லாவிலிருந்து ஸ்ரீநகருக்கு வரும் நெடுஞ்சாலையில் இந்தியப் படைகள் காவல் நின்றன. சாலையை விட்டு விலகி, குல்மர்க் பக்கமாகச் சுற்றிவந்தால் பட்காம் வழியே ஓடுதளத்தின் பக்கவாட்டை எட்டிவிடலாம். ஊடுருவியவர்களின் திட்டமும் அதுவாகத்தான் இருந்தது.

4-ஆம் குமாவுன் பட்டாலியனின் டி கம்பெனி அக்டோபர் 31 அன்று ஸ்ரீநகரில் இறங்கியது. ஹாக்கி ஆடும்போது எலும்பு முறிந்ததால் சர்மாவின் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. கட்டுப் பிரிக்கும்வரை களத்துக்குப் போகக்கூடாது என்பது மருத்துவர்களின் சொல். தன் கம்பெனி போகும்போது தானும் போக வேண்டும் என்று வற்புறுத்தி அனுமதி பெற்றார். இந்தப் பிடிவாதம் எப்போதும் புகழப்படுகிறது. அதில் புகழுக்கு அப்பாற்பட்ட ஒரு தேவையும் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் விலகிக்கொண்டிருந்தார்கள். படையே இரண்டு நாடுகளுக்கிடையில் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பர்மாவில் போர் பார்த்த ஒரு கம்பெனித் தலைவருக்கு மாற்றாக இன்னொருவரை ஓரிரு நாளில் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. 24 வயதில் அவர் மேஜராக இருந்ததற்கும் அந்தக் காலத்தின் இந்தப் பற்றாக்குறையே காரணங்களில் ஒன்று.

நவம்பர் 3 விடியற்காலையில் பட்காம் பக்கத்தைத் துழாவிப் பார்க்க ரோந்துப் படை கிளம்பியது. மொத்தம் மூன்று கம்பெனிகள். அவற்றில் ஒன்று சர்மாவினுடையது. காலை முழுவதும் ஊர் அமைதியாகவே காணப்பட்டது. எதிரி தென்படவில்லை என்று சர்மா தகவல் அனுப்பினார். பணி முடிந்ததாகக் கருதி மற்ற இரு கம்பெனிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். டி கம்பெனி மட்டும் பிற்பகல் மூன்று மணிவரை அங்கேயே இருந்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்பது உத்தரவு. பெரும் படை திரண்டு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரியாதபடி, ஊடுருவியவர்கள் சிறு சிறு குழுக்களாக ஊரைச் சுற்றிச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்று கம்பெனிகள் இருந்தவரை அவர்கள் பதுங்கிக்கிடந்தார்கள். ஒன்று மட்டும் எஞ்சியதும் வெளிப்பட்டார்கள்.

சென் தன் நூலில் எழுதியிருப்பதன்படி, பிற்பகல் இரண்டரை மணிக்குச் சற்றுப் பின்னர் பட்காம் வீடுகளிலிருந்து டி கம்பெனியின்மீது சுடத் தொடங்கினார்கள். அந்த நிலையில் சர்மா எடுத்த முதல் முடிவு திருப்பிச் சுடுவதில்லை என்பது. வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் இருக்கக்கூடும், ஊர்மக்கள்மேல் குண்டு பட்டுவிடக்கூடும் என்று அவர் பிரிகேடிடம் தெரிவித்தார். அவர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து சுமார் 700 பேர் கம்பெனியை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள்.

இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வீரத்தைப் பாடும் எழுத்துகள் பலவும் இதில் நின்று யோசிப்பதில்லை. தன் ஆட்கள்மேல் குண்டுகள் வந்து விழும்போது, சுடும் வீட்டுக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஓர் அதிகாரி கேட்டுக்கொள்வது அரிது. அதற்குச் சில நாட்களுக்கு முன் பாரமுல்லாவில் நடந்ததை அவர் அறிந்திருப்பார். காஷ்மீர் மக்களைக் காக்க வந்த படை என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி நடந்த நேரம் அது. அவர் நெஞ்சில் அணிந்திராத அந்தப் பதக்கத்துக்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்றே நான் கொள்கிறேன்.

தாக்குதல் மூன்று பக்கங்களிலிருந்தும் வந்தது. மோர்ட்டார் குண்டுகள் வரிசைமேல் விழுந்தன. ஓடுதளத்துக்கும் இந்த எழுநூறு பேருக்கும் நடுவில் வேறு படை எதுவும் இல்லை என்பதைச் சர்மா உடனே புரிந்துகொண்டார். ஹும்ஹாமா வழியாக ஸ்ரீநகருக்குள் போகும் அந்த இடைவெளியை அடைக்கத் துணைப்படை வந்து நிற்க வேண்டும். அதற்கு நேரம் தேவை. அந்த நேரத்தை உண்டாக்குவதே தன் வேலை என்று அவர் கணித்ததாகப் பாராட்டுரை கூறுகிறது. இதற்கடுத்து அவர் செய்ததாக அது பட்டியலிடும் காரியங்களில் ஒன்றில்கூட எதிரியைத் தாமே சுட்டு வீழ்த்தியதாகப் பேச்சு இல்லை. திறந்தவெளியில் ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினார். சுடும் திசையை ஒழுங்குபடுத்தினார். துணிப்பட்டைகளை நிலத்தில் விரித்தார். தோட்டா நிரப்பினார். கம்பெனித் தலைவன் செய்ய வேண்டியவை இவைதான்.

துணிப்பட்டை என்பது மேலே பறக்கும் விமானிக்குக் கொடுக்கும் அடையாளம். தரையில் நிற்பவரில் யார் நம்மவர், யார் எதிரி என்பதை வேகமாகப் பறக்கும் போர்விமானத்திலிருந்து பிரித்தறிவது கடினம். சில பத்து மீட்டர் இடைவெளியில் இரு தரப்பும் மோதும்போது பிழை நேர்ந்தால் சொந்த ஆட்களே மடிவார்கள். கம்பெனி எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் தாக்க வேண்டும் என்று வானத்துக்குச் சொல்ல, பெரிய துணிப்பட்டைகளை வெட்டவெளியில் விரிக்க வேண்டும். அதை எதிரியின் கண்முன்னே, ஒரு கை கட்டுப்போட்ட நிலையில் சர்மா செய்தார்.

அடுத்து, தோட்டா நிரப்பிய வேலை. காலாட்படைக் கம்பெனியின் உயிர் பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியில் இருந்தது. சாதாரணச் சிப்பாயின் கையில் இருந்த லீ என்ஃபீல்டில், ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். பாய்ந்து வரும் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தப் பிரென்னால்தான் முடியும். அதன் வளைந்த தோட்டாப்பெட்டியில் முப்பது குண்டு பிடிக்கும். ஸ்பிரிங் தளராமல் இருக்க இருபத்தெட்டோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். விட்டுவிட்டுச் சுட்டாலும் ஒரு பெட்டி நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அந்தத் துப்பாக்கிக்கான .303 குண்டின் அடியில் விளிம்பு உண்டு. ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் துப்பாக்கி நடுவில் திக்கி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு குண்டையும் பார்த்து வைத்து அழுத்த வேண்டும். இரண்டு கையும் நன்றாக இருப்பவருக்கே விரல் நோகும் வேலை.

பிரென் துப்பாக்கியை இருவர் இயக்குவார்கள். ஒருவர் சுடுவார், மற்றவர் பெட்டி மாற்றிக் கொடுப்பார். கம்பெனியில் ஆட்கள் விழ விழ, பெட்டி நிரப்பக் கை இல்லாமல் போயிற்று. துப்பாக்கியும் இருக்கிறது, குண்டும் குவியலாக இருக்கிறது, இடையில் நிரப்பித்தர ஆள் இல்லை. மேஜர் உட்கார்ந்து அதைச் செய்யத் தொடங்கினார். அந்த நேரத்தில் கம்பெனியின் சுடும் வலிமையைத் தாங்கிநின்ற வேலை அதுவே. அதைப் பதவியின் மதிப்புக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவர் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மோர்ட்டார் குண்டு தோட்டாக் குவியலின் நடுவே வந்து விழுந்தது. குவியல் வெடித்தது. அவர் அங்கேயே இறந்தார்.

அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் அவருடைய கடைசிச் செய்தி போயிருந்தது. எதிரி ஐம்பது கஜத்தில் இருக்கிறான், எண்ணிக்கையில் நாம் மிகக் குறைவு, கடுமையான குண்டுமழை, ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன், கடைசி ஆளும் கடைசிக் குண்டும் உள்ளவரை போரிடுவோம் என்பது அதன் சாரம். வீரமுழக்கமாக மட்டும் இதைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. செய்தியைப் பெற்ற பிரிகேடுக்கு அது முதலில் ஒரு நிலவர அறிக்கை. எதிரி எவ்வளவு தூரத்தில், எந்த விகிதத்தில், எப்படிப்பட்ட தாக்குதல், நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்ற நான்கும் அதில் உள்ளன. ஹும்ஹாமாவுக்கு அனுப்ப வேண்டிய படையை எவ்வளவு விரைவாக அனுப்ப வேண்டும் என்று தீர்மானிக்கச் சென்னுக்குத் தேவையான எல்லாம் அதில் இருந்தன.

மேஜர் இறந்த பிறகும் டி கம்பெனி மேலும் ஒரு மணி நேரம் போரிட்டது. தலைவன் விழுந்ததும் சிதறிப்போன படைகளின் கதைகள் உலகம் முழுக்க உண்டு. இங்கே அது நடக்கவில்லை. யார் எங்கே சுடுவது, எதற்காக நிற்கிறோம் என்பது ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சர்மா ஓடி ஓடிச் சொல்லி வைத்தது வீணாகவில்லை. ஓர் அதிகாரியின் திறமைக்கு அவர் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தைவிடப் பெரிய சான்று கிடைக்காது. முன்வரிசையில் பிரென் துப்பாக்கி இயக்கிய சிப்பாய் தேவான் சிங் அந்தச் சண்டையில் உயிர்நீத்தார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

கிட்டத்தட்ட முழுமையாகச் சூழப்பட்ட பிறகே எஞ்சியவர்கள் விலகினார்கள் என்று பாராட்டுரை நேர்மையாகப் பதிவுசெய்கிறது. கடைசி ஆள்வரை அங்கேயே மடிந்தார்கள் என்று சில எழுத்துகள் சொல்வது தவறு. கடைசிச் செய்தியின் சொற்களைப் பின்னால் வந்தவர்கள் நடந்த நிகழ்ச்சியாக மாற்றிவிட்டார்கள். தங்கள் பணி முடிந்து, நிற்பதில் பொருள் இல்லாமல்போன பிறகு உயிரோடு திரும்பியவர்களுக்கு இது அநீதி. அவர்கள் விலகியதால் அந்த நாளின் பெருமை ஒரு துளியும் குறையாது.

வேறு சில இடங்களிலும் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பகல் பதினொரு மணிக்குக் கம்பெனி பட்காமுக்குத் தெற்கே நிலைகொண்டதாகவும், எதிரியை ஆறு மணி நேரம் தாமதப்படுத்தியதாகவும் பாராட்டுரை கூறுகிறது. சென்னின் விவரிப்பில் துப்பாக்கிச் சூடு தொடங்குவதே இரண்டரை மணிக்குப் பின்தான். நவம்பர் தொடக்கத்தில் காஷ்மீரில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். இரண்டரையிலிருந்து ஆறு மணி நேரம் கணக்கிட்டால் இரவு எட்டரை ஆகிறது. விமானங்களுக்குத் துணிப்பட்டை விரித்த சண்டையோ பகலில் நடந்தது. கம்பெனி நிலைகொண்ட நேரத்திலிருந்து கணக்கிட்டு ஆறு மணி என்று எழுதியிருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் சண்டை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். எதிரியின் எண்ணிக்கையிலும் இதே சிக்கல். பாராட்டுரை 500 என்கிறது, சென் 700 என்கிறார். ஒருவருக்கு ஏழு பேர் என்ற விகிதத்தையும் பாராட்டுரையே தருகிறது. 500-ஐ ஏழால் வகுத்தால் கம்பெனியில் ஏறத்தாழ எழுபது பேர். 700 என்றால் நூறு பேர்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் இழப்பின் கொடுமை மாறாது. சர்மாவும், ஓர் இளநிலை அதிகாரியும், இருபது சிப்பாய்களும் இறந்தார்கள். 26 பேர் காயமடைந்தார்கள். ஆக 48 பேர். நூறு பேர் இருந்த கம்பெனி என்றால் பாதி, எழுபது என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எதிரித் தரப்பில் இருநூறு பேர்வரை வீழ்ந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. போர்க்களத்தை இழந்த தரப்பால் எதிரியின் பிணங்களை எண்ணியிருக்க முடியாது என்பதால் அந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

பட்காம் அன்று இந்தியப் படையின் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் ஓடுதளம் போகவில்லை. ஹும்ஹாமாவில் துணைப்படை வந்து நின்றுவிட்டது. அடுத்த நாட்களிலும் டகோட்டாக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. நவம்பர் 7 அன்று ஸ்ரீநகருக்கு மேற்கே ஷலாடெங்கில் சென் நடத்திய தாக்குதலில் ஊடுருவல் படை உடைந்து ஓடியது. அந்தச் சண்டையில் 4-ஆம் குமாவுனும் பங்கெடுத்தது. மறுநாள் பாரமுல்லா மீட்கப்பட்டது. பட்காமில் சண்டை நடந்து ஐந்து நாட்களுக்குள் பள்ளத்தாக்கின் நிலைமை தலைகீழானது.

ஊரை மீட்ட பிறகே சர்மாவின் உடல் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. கைத்துப்பாக்கியின் தோலுறையையும், சட்டைப் பையில் இருந்த பகவத்கீதையின் சில தாள்களையும் வைத்து அவர்தான் என்று அறிந்தார்கள். மகனுக்குரிய பதக்கத்தைத் தந்தை அமர்நாத் பெற்றுக்கொண்டார். அந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்திய மரபையும் புராணங்களையும் ஆழ்ந்து கற்றவர். தன் எலும்பையே தேவர்களுக்குத் தந்த ததீசி முனிவரின் கதையை எண்ணி, நான்கு வஜ்ராயுதங்களை அதில் பொறித்தார். அவருடைய மகள் திருமணம் செய்துகொண்டது சோம்நாத்தின் தம்பி சுரீந்தர்நாத்தை. தான் வரைந்த பதக்கம் முதலில் தன் மகள் புகுந்த வீட்டுக்கே போகும் என்று வரையும்போது அவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

இதுவரை 21 பேருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களில் 14 பேர் அதை உயிரோடு பெறவில்லை. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரிடப்படாதிருந்த 21 பெரிய தீவுகளுக்கு இவர்களுடைய பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றில் மிகப் பெரியது இப்போது சோம்நாத் தீவு. இந்த மரியாதை அவருக்கு உரியது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் அவருக்குச் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்த வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூன் மாதம் கொள்கை அறிவித்தது. பட்காம் சண்டை நடந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 161-ஆம் பிரிகேடும் 4-ஆம் குமாவுன் பட்டாலியனும் நவம்பர் 3 அன்று எழுதிய நாட்குறிப்புகளை, கம்பியில்லாச் செய்திகளின் நேரப் பதிவுகளோடு, சாதாரண வாசகரும் வாங்கிப் படிக்கும் ஒரே நூலாக அமைச்சகம் பதிப்பிக்க வேண்டும். பதினொரு மணியா இரண்டரை மணியா, எழுபது பேரா நூறு பேரா என்ற கேள்விகள் அதில் தீரட்டும். சர்மாவோடு அன்று இறந்த மற்ற 21 பேரின் பெயரும் ஊரும் அந்த நூலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.